எலி நடந்தால் நரம்பு வளர்ந்ததா?

குழந்தைகள் தண்ணீரில் அளைந்து விளையாடும் பிளாஸ்டிக் தொட்டி. தண்ணீர் இல்லாத அந்தத் தொட்டிக்குள் ஓர் எலியை இறக்கிவிடுகிறார்கள். இருபுறமும் இருவர் உட்கார்ந்து நான்கு நிமிடம் அதையே பார்க்கிறார்கள். பின்னங்காலில் எந்த மூட்டு அசைகிறது? பாதம் தரையில் பதிகிறதா? பதிந்தால் உடலின் எடையைத் தாங்குகிறதா? முன்னங்கால் எட்டு வைக்கும்போது பின்னங்காலும் அதற்கு இசைந்து வருகிறதா? வால் தூக்கியிருக்கிறதா, தொங்குகிறதா? நான்கு நிமிடம் முடிந்ததும் இருவரும் பேசி ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். அசைவே இல்லையென்றால் 0, இயல்பான நடை என்றால் 21. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாஸோ, பீட்டி, ப்ரெஸ்னஹன் மூவரும் 1995இல் வெளியிட்ட அளவுகோல் இது. அவர்கள் பெயர்களின் முதலெழுத்தால் பிபிபி என்று அழைக்கப்படுகிறது. தண்டுவடக் காயத்தைப் பற்றி எலிகளில் நடந்த ஆய்வுகளில் இந்த மதிப்பெண்ணைத் தொடாதவை குறைவு.

மருந்து கொடுத்த எலிகள் கொடுக்காதவற்றைவிட மூன்று மதிப்பெண் கூடுதலாகப் பெற்றால் ஆய்வாளருக்கு மகிழ்ச்சி. மறுநாள் நாளிதழில் ‘முடங்கிய எலி நடந்தது’ என்று செய்தி வரும். படிக்கிறவர் மனத்தில் உடனே ஒரு படம் எழுகிறது: அறுந்த நரம்பு வளர்ந்து, மறுபக்கம் போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் படம் பெரும்பாலும் தவறு. நரம்பு ஓர் இழைகூட வளராமலே எலி நடக்கலாம். நரம்பு தாராளமாக வளர்ந்தும் எலி நடக்காமல் கிடக்கலாம். கடந்த ஒரு நூற்றாண்டில் இந்தத் துறை பட்ட அடிகளில் பாதி, இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதால் வந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் வளர்ச்சி. நரம்பணுவிலிருந்து நீளும் இழைக்கு ஆக்சான் என்று பெயர். கை கால்களில் ஓடும் நரம்புகளில் ஆக்சான் அறுந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம் திரும்ப வளர்கிறது. விரலில் ஆழமாக வெட்டுப்பட்டு மரத்துப்போன இடத்தில் மாதங்கள் கழித்து உணர்ச்சி வருவது அதனால்தான். மூளையிலும் தண்டுவடத்திலும் இது நடப்பதில்லை. ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால் இளம் பூனைகளிலும் நாய்களிலும் முயல்களிலும் இதைத் துருவிப் பார்த்து 1913–14இல் இரண்டு தொகுதிகளாக எழுதினார். தண்டுவடத்தில் அறுபட்ட முனைகள் சும்மா இருப்பதில்லை. சில நாள் முளைவிடப் பார்க்கின்றன, பிறகு கைவிட்டுவிடுகின்றன. அவருடைய மாணவர் தெய்யோ 1911இல் முயலின் மூளைக்குள் கால் நரம்பின் துண்டு ஒன்றைச் செருகினார். வளராது என்று கருதப்பட்ட மூளை இழைகள் அந்தத் துண்டுக்குள் நுழைந்தன. பிழை மண்ணில்தானா, விதையில் இல்லையா என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது. ஆனால் அதை மறுக்க முடியாதபடி நிறுவ எழுபது ஆண்டுகள் ஆயின.

1981இல் மான்ட்ரியலில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ இருவரும் வளர்ந்த எலியின் கால் நரம்பை எடுத்து, ஒரு முனையை முகுளத்திலும் மறுமுனையை மார்புப் பகுதித் தண்டுவடத்திலும் பதித்தார்கள். நடுவில் உள்ள நீளம் முதுகெலும்புக்கு வெளியே ஒரு பாலமாகக் கிடந்தது. மாதங்கள் கழித்துப் பார்த்தால், முகுளத்திலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பணுக்களின் ஆக்சான்கள் அந்தப் பாலத்தினுள் 30 மில்லிமீட்டர் வரை ஓடியிருந்தன. எலியின் உடலில் மூன்று சென்டிமீட்டர் என்பது சின்னத் தொலைவல்ல. ஆனால் பாலத்தின் மறுமுனையில் தண்டுவடத்துக்குள் மீண்டும் நுழைந்ததுமே ஓரிரு மில்லிமீட்டரில் நின்றுவிட்டன. வளரும் திறன் இழையிடம் இருக்கிறது, வளர விடாதது தண்டுவடத்தின் சூழல் என்பது இதைவிடத் தெளிவாகத் தெரிய முடியாது. எலி நடந்ததா என்று அவர்கள் கேட்கவில்லை. அந்தச் சோதனைக்கு அது தேவையும் இல்லை. தன் கேள்விக்கு மேல் ஒரு சொல்லும் கூடுதலாகப் பேசாத அந்த ஆய்வு இன்னும் அசையாமல் நிற்கிறது.

இனி காயம். மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்படுகிறவர், பனையிலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுகிறவர் ஆகியோரின் தண்டுவடத்தைக் கத்தி அறுப்பதில்லை. முள்ளெலும்பு நொறுங்கி அதை நசுக்குகிறது. தண்டுவடத்தின் மையம் சிதைந்து ரத்தம் கசிகிறது. ஓரத்தில் மெல்லிய வளையமாகக் கொஞ்சம் இழைகள் தப்பிவிடுகின்றன. பிலடெல்பியாவின் ஆல்பிரட் ரெஜினால்ட் ஆலன் இதை விலங்கில் அப்படியே உண்டாக்க வழி தேடினார். நாயின் முதுகெலும்பில் சிறு பகுதியை அகற்றித் தண்டுவடத்தைத் திறந்து, குழாய் வழியே ஓர் எடையை அதன்மேல் விழச் செய்தார். எடையையும் உயரத்தையும் பெருக்கி, அடியின் வலுவைக் கிராம்-சென்டிமீட்டர் கணக்கில் குறித்தார். அதுவும் 1911. (தெய்யோவின் முயல், ஆலனின் நாய், கீழே வரப்போகும் பூனை மூன்றும் ஒரே ஆண்டில் வந்தவை. அன்று யாரும் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.) அடிபட்ட கணத்தில் நேரும் சேதம் கொஞ்சம்தான், பின்னர் மணிக்கணக்கில் பரவுவது வேறொரு சேதம் என்பதை ஆலன்தான் முதலில் கவனித்தார். 1918இல் முதல் உலகப் போர்க்களத்தில் அவர் இறந்துபோனார். அந்தக் கருவி மட்டும் சாகவில்லை. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வடிவமைக்கப்பட்ட கருவியும் அதன் பேரப்பிள்ளைதான்: 10 கிராம் தண்டு, விழும் உயரம் 12.5, 25 அல்லது 50 மில்லிமீட்டர், விழும் வேகத்தையும் தண்டுவடம் அமுங்கும் அளவையும் கணினி பதிவு செய்யும்.

நசுக்கிய காயம் மனிதக் காயத்தைப் போலவே இருக்கிறது. அதுவே அதன் சிக்கலும்கூட. ஓரத்தில் எத்தனை இழைகள் தப்பின என்பது எலிக்கு எலி மாறும். தப்பியவை கொஞ்சமாக இருந்தாலும் போதும்: பூனைகளில் செய்த அளவீடுகளில், பத்தில் ஒரு பங்கு இழைகள் எஞ்சியிருந்தாலே விலங்கு எழுந்து நடந்திருக்கிறது. அப்படியானால் மருந்து கொடுத்த எலியின் மதிப்பெண் கூடியதற்கு எது காரணம்? அறுந்தது வளர்ந்ததா? சாகவிருந்தது பிழைத்ததா? பிழைத்தது பக்கத்தில் புதுக் கிளை விட்டதா? எடை விழுந்தபோது எலி மூச்சை இழுத்ததால் அடி லேசாகப் பட்டதா? மதிப்பெண்ணைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் வெட்ட வேண்டும். முழுதாக வெட்டினால் ஐயத்துக்கே இடமில்லை. அப்பால் தெரியும் ஒவ்வொரு இழையும் புதிது. ஆனால் வெட்டுமுனைகள் இரண்டும் விலகிப்போகும், நடுவில் தழும்புத் திசு புகும், எலி மிகவும் நலிந்துவிடும். அதனால் பாதியோ, முதுகுப்புற மூன்றில் இரண்டு பங்கோ வெட்டி, குறிப்பிட்ட ஒரு நரம்புப் பாதையை மட்டும் துண்டிப்பது வழக்கமாயிற்று. மனிதக் காயத்தோடு இதற்கு ஒற்றுமை இல்லை. ஒரு கேள்வியைத் தனியே பிரித்தெடுக்க உதவும், அவ்வளவுதான்.

முழுதாக வெட்டினாலும் நடையைக் கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்பதைச் சொன்னது பூனை. 1911இல் இங்கிலாந்தில் கிரஹாம் பிரவுன் பூனையின் தண்டுவடத்தை மூளையிலிருந்து பிரித்த பின்னும் கால் தசைகள் மாறி மாறிச் சுருங்குவதைப் பதிவு செய்தார். நடையின் தாளத்தை மூளை ஒவ்வொரு அடியாகப் போட்டுக் கொடுப்பதில்லை. தண்டுவடத்திலேயே அது இருக்கிறது. 1980களில் லாஸ் ஏஞ்சலஸில் எட்கர்ட்டனும் மான்ட்ரியலில் ரோசிஞோலும் வளர்ந்த பூனைகளின் தண்டுவடத்தை முற்றிலும் அறுத்து, ஓடும் பட்டையின்மேல் தாங்கிப் பிடித்து வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். பின்னங்கால்கள் எடையைத் தாங்கி அடி வைத்தன. மூளையிலிருந்து ஓர் இழையும் அங்கே போகவில்லை. அந்தப் பூனைக்குத் தான் நடப்பதே தெரியாது என்றுகூடச் சொல்லலாம். நடையை வளர்ச்சியின் சான்றாகக் காட்டும் எவரும் இந்தப் பூனைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு ஒரு கடினமான சோதனை உண்டு: தேறிய விலங்கின் தண்டுவடத்தைக் காயத்துக்குச் சற்று மேலே மீண்டும் வெட்டுவது. தேறியது பறிபோனால், மூளையிலிருந்து வந்த ஏதோ ஓர் இணைப்புதான் அதற்குக் காரணம். போகாவிட்டால், உள்ளூர்ச் சுற்றுகள் தாமாகவே கற்றுக்கொண்டவை.

வளர்ச்சியை நேரே பார்க்கவும் வழி உண்டு. அது கேட்பதற்கு எளிது. எலியின் பெருமூளைப் புறணியில் நிறச்சுவடி ஒன்றைச் செலுத்துவார்கள். அது ஆக்சான் வழியே தண்டுவடம்வரை இறங்கும். இரண்டு வாரம் கழித்து எலியைக் கொன்று, தண்டுவடத்தை மெல்லிய சீவல்களாக அறுத்து, காயத்துக்குக் கீழே நிறமேறிய இழை இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் தேடுவார்கள். இருந்தால் வளர்ந்தது. ஆனால் வெட்டும் கத்தி ஓர் இழையைத் தவறவிட்டிருந்தால்? எலியில் புறணியிலிருந்து இறங்கும் முதன்மைப் பாதை முதுகுப்புற நடுவில் இருக்கிறது. ஆனால் பக்கவாட்டிலும் வயிற்றுப்புறத்திலும் சிறு கிளைகள் வேறு உண்டு. முதுகுப்புறம் மட்டும் வெட்டினால் அவை தப்பிவிடும். 2003இல் ஸ்டூவர்ட், ஜெங், டெஸியே-லவின் மூவரும் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். ‘பொய்யான உயிர்த்தெழுதல்கள்’ என்பது தலைப்பு. அவர்கள் தந்த அறிவுரை எளியது. காயத்துக்கு அப்பால் ஓர் இழை, தான் வழக்கமாகப் போகும் பாதையிலேயே, நேராக, நெடுந்தூரம் போனால் சந்தேகப்படுங்கள். அது அறுபடாமலே இருந்திருக்கலாம். வளர்ந்து வந்த இழை காயத்தின் ஊடாகவோ சுற்றியோ நெளிந்து வரும், கண்டபடி கிளைக்கும், குறுகிய காலத்தில் அதிக தூரம் போயிருக்காது.

அந்தக் கட்டுரை வெளியான காலத்தை அறிந்தால்தான் அதன் கூர்மை புரியும். ஜூரிக்கில் மார்ட்டின் ஷ்வாப் 1980களிலேயே ஒரு தடயத்தைப் பிடித்திருந்தார்: மூளையிலும் தண்டுவடத்திலும் இழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையில் வளர்ச்சியைத் தடுக்கும் புரதம் ஏதோ இருக்கிறது. அதைக் கட்டிப்போட ஓர் ஆன்டிபாடியைத் தயாரித்தார். 1990இல் ஷ்னெல்லும் அவரும் இளம் எலிகளில் அதைப் பரிசோதித்தார்கள். ஆன்டிபாடி பெறாத எலிகளில் இழைகள் காயத்தைத் தாண்டி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகவில்லை. பெற்றவற்றில் சில இழைகள் 7 முதல் 11 மில்லிமீட்டர்வரை போயிருந்தன. 2000 ஜனவரியில் அந்தப் புரதத்தின் மரபணுவை மூன்று குழுக்கள் ஒரே சமயத்தில் அடையாளம் கண்டன. நோகோ என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த அடி எல்லாருக்கும் தெரிந்ததே. நோகோ இல்லாத சுண்டெலியை உருவாக்கி, தண்டுவடத்தை வெட்டிப் பார்ப்பது. மூன்று ஆய்வகங்கள் அதைச் செய்தன. மூன்றின் முடிவுகளும் 2003 ஏப்ரலில் ‘நியூரான்’ இதழின் ஒரே வெளியீட்டில் வந்தன. யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரிட்மாட்டரின் குழு, இளம் சுண்டெலிகளில் தாராளமான வளர்ச்சியைக் கண்டது. ஷ்வாபின் குழு மிதமான வளர்ச்சியைக் கண்டது. டெஸியே-லவின் குழுவில் ஜெங் பார்த்ததோ ஒன்றுமே இல்லை. ஒரே மரபணு, ஒரே காயம், மூன்று விடைகள். ஒரே பாதையை வெட்டிவிட்டு ஒருவர் காடு என்றார், ஒருவர் புல் என்றார், ஒருவர் பொட்டல் என்றார். இந்த இதழை இன்றும் ஆய்வு மாணவர்கள் படிக்க வேண்டும் என்பேன். ஒற்றை முடிவைச் சொல்லும் நூறு கட்டுரைகள் தராத பாடம் அதில் இருக்கிறது. மூவரும் நீக்கிய மரபணுப் பகுதி ஒன்றேபோல இல்லை. விலங்கின் வயது ஒன்றில்லை. சுண்டெலி வம்சமும் ஒரு காரணம் என்பதை ஷ்வாபின் குழுவே பின்னர் காட்டியது: அதே நீக்கம் ஒரு வம்சத்தில் நல்ல வளர்ச்சியையும் இன்னொன்றில் அற்பமானதையும் தந்தது. அந்தச் சச்சரவு 2010இலும் ஓயவில்லை. மயலினில் உள்ள மூன்று தடைப் புரதங்களையும் ஒருசேர நீக்கிய சுண்டெலிகளைப் பற்றியும் வளர்ச்சியைக் கண்ட தரப்பும் காணாத தரப்பும் எதிரெதிராகவே எழுதின.

தடை வெளியில் மட்டுமா என்ற கேள்விக்கும் அதே 2010இல் ஒரு விடை வந்தது. ஜிகாங் ஹேயின் குழு, புறணி நரம்பணுக்களிலேயே பிடென் என்ற மரபணுவை நீக்கியபோது, வளர்ந்த சுண்டெலியின் தண்டுவடத்தில் இழைகள் காயத்தைக் கடந்து வளர்ந்தன. விதையும் முதிர்ந்துபோயிருக்கிறது என்பது அதன் பொருள்.

எந்தத் தடையும் இல்லாமல் அறுந்த இழைகளைத் திரும்ப வளர்க்கும் விலங்குகளும் இருக்கின்றன. வரிக்குதிரை மீன் தண்டுவடம் அறுபட்ட ஆறேழு வாரத்தில் மீண்டும் நீந்துகிறது. பிறந்து இரண்டு நாளான சுண்டெலிக்குட்டியில் காயம் தழும்பில்லாமல் ஆறுகிறது. முள்மயிர்ச் சுண்டெலி என்ற ஆப்பிரிக்க விலங்கு, வளர்ந்த பாலூட்டியாக இருந்தும், முழு வெட்டிலிருந்து மீள்கிறது என்று போர்ச்சுகல் குழு ஒன்று 2022இல் அறிவித்தது. ஆனால் என்னைக் கவர்ந்தது தாடையற்ற மீனாகிய லாம்ப்ரே. அதன் மூளையில் சில நரம்பணுக்கள் மிகப் பெரியவை. ஒவ்வொன்றையும் இடத்தைக் கொண்டே அடையாளம் காணலாம். இன்று இந்த மீனில் பார்த்த அதே நரம்பணுவை நாளை இன்னொரு மீனில் தேடிக் கண்டுபிடிக்கலாம். தண்டுவடத்தை வெட்டினால் சில நரம்பணுக்கள் ஒவ்வொரு மீனிலும் தவறாமல் வளர்கின்றன. வேறு சில ஒவ்வொரு மீனிலும் தவறாமல் தோற்கின்றன. காயமும் ஒன்று, சூழலும் ஒன்று, வேறுபாடு அணுவுக்குள். பாலூட்டியில் ஆயிரக்கணக்கான இழைகளின் கூட்டத்தில் மறைந்துபோகும் உண்மை இங்கே பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவில் தெரிகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பத்துப் பன்னிரண்டு வாரத்தில் லாம்ப்ரே இளவுயிரி ஏறக்குறைய இயல்பாக நீந்துகிறது. ஆனால் வளர்ந்த இழைகளில் பல காயத்தைத் தாண்டிச் சில மில்லிமீட்டர்களே போயிருக்கும். பழைய வரைபடம் திரும்பவில்லை, நீச்சல் திரும்பிவிட்டது. பூனை சொன்னதையே மீனும் வேறு வழியில் சொல்கிறது.

எலியிலிருந்து மனிதருக்குப் போகும் பாதையில் உள்ள மேடு பள்ளங்கள் பலருக்கும் தெரிந்தவை, ஆனாலும் மறக்கப்படுகின்றன. நசுங்கிய எலித் தண்டுவடத்தில் நீர் நிறைந்த குழி உண்டாகும், மனிதரில் போல. சுண்டெலியில் குழி உண்டாவதில்லை, இணைப்புத் திசு நிரம்பிவிடுகிறது. எலியில் முதுகுப்புறம் ஓடும் பாதை மனிதரில் பக்கவாட்டில் ஓடுகிறது. விரல்களை ஆட்டும் மனிதப் புறணி, தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்களோடு நேரடியாகப் பேசும். எலியில் இடையே தரகர்கள் உண்டு. ஆய்வகங்களில் பெண் எலிகளே மிகுதி, தண்டுவடம் முறிந்து மருத்துவமனைக்கு வரும் மனிதர்களிலோ ஆண்களே மிகுதி. இந்த முரணுக்குக் காரணம் சிறுநீர். தண்டுவடம் அடிபட்ட எலியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தினமும் இரண்டு மூன்று முறை யாராவது அதைக் கையில் பிடித்து, அடிவயிற்றில் கட்டைவிரலால் மெல்ல அமுக்கி வெளியேற்ற வேண்டும். ஒருவேளை தவறினால் தொற்று, அல்லது பை வெடிப்பு. பெண் எலியின் சிறுநீர்க் குழாய் குட்டையானது, தொந்தரவு குறைவு. தீபாவளி என்றும் பொங்கல் என்றும் பாராமல் இதைச் செய்யும் ஆய்வு மாணவரின் கை, கட்டுரைகளின் முறையியல் பகுதியில் ஒரு வரியாகக் கிடக்கும். எலி எவ்வளவு தேறியது என்பதில் அந்தக் கைக்கும் பங்கு உண்டு. இந்த விலங்குகளை வருத்துவது தகுமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும், நானும் கேட்கிறேன். மோசமாகத் திட்டமிட்ட சோதனையில் வருந்திய எலி வீணாக வருந்தியது என்பதிலாவது இரு தரப்புக்கும் உடன்பாடு இருக்க வேண்டும்.

யாரும் காயப்படுத்தாத விலங்கு ஒன்றும் உண்டு: டாக்ஸ்ஹண்ட். குட்டைக்கால் நாய். கால்களைக் குட்டையாக்கிய அதே மரபணு மாற்றம் முதுகுத் தட்டையும் இளமையிலேயே கெட்டியாக்கிவிடுகிறது. ஒருநாள் தட்டு பிதுங்கித் தண்டுவடத்தில் மோதும்; நாய் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வரும். கேம்பிரிட்ஜில் ஜெஃப்ரி, ஃப்ராங்க்ளின் குழுவினர் இப்படி நிரந்தரமாக முடங்கிய 34 வளர்ப்பு நாய்களை எடுத்துக்கொண்டார்கள். நாயின் மூக்குச் சவ்விலிருந்தே செல்களை எடுத்து வளர்த்து, சில நாய்களுக்கு அவற்றைத் தண்டுவடத்தில் செலுத்தினார்கள்; மற்றவற்றுக்கு வெறும் திரவம். எது எதற்கு என்பது உரிமையாளருக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது. 2012இல் முடிவு வந்தது: செல் பெற்ற நாய்களில் முன்கால் பின்கால் ஒத்திசைவு கூடியது. மூளைக்கும் பின்னுடலுக்கும் இடையிலான நீண்ட பாதைகள் மீண்டதற்கு அறிகுறி இல்லை; காயத்தைச் சுற்றிக் குட்டையான இணைப்புகள் உண்டாகியிருக்கலாம். எழுதியவர்களே அதை வெளிப்படையாகச் சொன்னார்கள்.

இந்த வெளிப்படைத்தன்மை எளிதில் வந்துவிடவில்லை. அமெரிக்க அரசின் நரம்பியல் நிறுவனம் 2003 வாக்கில் பணம் கொடுத்து, பெயர்பெற்ற எலி ஆய்வுகளை வேறு ஆய்வகங்களில் அப்படியே திரும்பச் செய்யச் சொன்னது. 2012இல் முடிவுகளைத் தொகுத்தபோது, மூல ஆய்வு சொன்னது முழுதாகத் திரும்பி வந்த நேர்வுகள் மிகச் சில. 1990களின் பல்மைய எலி ஆய்வொன்றின் பதிவேடுகளை 2015இல் சான் பிரான்சிஸ்கோ குழு கணினியில் ஏற்றித் தேடியபோது இன்னொன்று தெரிந்தது: அந்த ஆய்வில் சோதித்த மருந்துக்குப் பலன் இல்லை, அறுவையின்போது ரத்த அழுத்தம் ஏறிய எலிகள்தாம் மோசமாகத் தேறின. யாரும் கேட்காத கேள்விக்கான விடை இருபது ஆண்டுகளாக அலமாரியில் இருந்திருக்கிறது.

ஷ்வாபின் ஆன்டிபாடி 2006இல் குரங்குகளைக் கடந்து, கடைசியில் மனிதரிடம் வந்தது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஸ்பெயின், செக் நாடுகளின் மருத்துவமனைகளில், கழுத்துப் பகுதித் தண்டுவடம் அடிபட்டுச் சில வாரங்களே ஆனவர்களுக்கு, முதுகுத் தண்டு நீரில் ஆறு முறை ஊசியாகச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் வந்த முடிவின்படி, எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் கைகளின் வலு போலி மருந்து பெற்றவர்களைவிடக் கூடவில்லை. தொடக்கத்திலேயே கொஞ்சம் அசைவு மிஞ்சியிருந்தவர்களை மட்டும் தனியே பார்த்தபோது, கை வலுவும் தானே உண்பது, உடுத்துவது போன்றவையும் மேம்பட்டிருந்தன. முன்கூட்டி வகுத்த முதன்மைக் கணக்கு அல்ல, பிறகு பார்த்த கணக்கு. அதனால் ஐயத்தோடுதான் ஏற்க வேண்டும். அது உண்மையானாலும், அறுந்த இழைகள் வளர்ந்தனவா, தப்பிய இழைகள் புதுக் கிளை விட்டனவா என்று அவர்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. உயிரோடிருக்கும் மனிதரின் புறணியில் நிறம் செலுத்தித் தண்டுவடத்தைச் சீவிப் பார்க்க வழியில்லை. இரண்டில் எது நடந்தது என்பதைப் பொறுத்தே, முழுதாக முடங்கியவர்களுக்கு இந்த மருந்தால் என்றாவது பயன் உண்டா என்பது தீர்மானமாகும். அதற்கான சோதனை வெட்டுக் காயம் கொண்ட விலங்கில்தான் நடக்க முடியும், பிபிபி மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு.